மூன்று விரல் உப்பு, ஒரு பிடி சர்க்கரை: வங்கத் தாய்மார் கற்ற வைத்தியம்

என் உம்மாவுக்குப் பிறந்த மூத்த பிள்ளையை நான் கண்டதில்லை. 1964ஆம் ஆண்டில், ஒன்றரை வயதில், வயிற்றோட்டம் வந்து இரண்டு நாளில் மௌத்தானது. அந்தக் கதையை உம்மா தன் ஆயுளில் இரண்டோ மூன்றோ தடவைதான் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுவார். "தண்ணி தண்ணியெண்டு அழுதிச்சு மகன். குடுத்தா இன்னும் போகுமெண்டு மூத்தும்மா சொன்னா. நான் குடுக்கல்ல." அதற்கு மேல் பேச மாட்டார்.

பங்களாதேஷின் வாய்வழி நீரேற்ற இயக்கத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது இந்தப் பேச்சுத்தான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆசியாவில் நடந்த பொதுச் சுகாதார முயற்சிகளில் இதைப்போல் பெரியதும் எளியதும் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத இலட்சக்கணக்கான தாய்மார் தம் அடுப்படியில் இருந்த பொருட்களைக் கொண்டே பிள்ளைகளின் உயிரைக் காக்கக் கற்ற வரலாறு அது. அந்தத் தாய்மாரில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற கிராமத்து முஸ்லிம் பெண்கள்.

ஆய்வுகூடத்தில் தொடங்கியது

வாந்திபேதி என்று நம் மூத்தவர்கள் நடுங்கிச் சொன்ன கொலரா, வங்கக் கழிமுகத்தில் ஆண்டுதோறும் வந்துபோகும் நோய். 1960இல், அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராயிருந்த டாக்காவில் கொலரா ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1963இல் மத்லப் என்ற ஆற்றோரப் பகுதியில் அதன் கள நிலையம் தொடங்கியது. கொலராவில் மனிதனைக் கொல்வது கிருமியின் நஞ்சு மட்டுமல்ல. உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே உயிரைப் பறிக்கிறது. போன நீரை நாளத்தின் வழியே சேலைனாக ஏற்றினால் ஆள் பிழைத்துக்கொள்வார் என்பது அன்றே தெரிந்திருந்தது. ஆனால் சேலைன் போத்தலும் ஊசியும் ஏற்றத் தெரிந்தவரும் இருக்கும் இடத்துக்குத் தோணியில் போய்ச் சேருமுன்பே ஏராளமானோர் இறந்துபோயினர்.

வாயால் கொடுத்தால் என்ன என்ற கேள்வி புதிதல்ல. 1953இலேயே கல்கத்தா வைத்தியர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, கடுமை குறைந்த கொலரா நோயாளர்களுக்கு வாய்வழியாக உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் கொடுத்துக் குணமாக்கியதை லான்செட் இதழில் எழுதியிருந்தார். அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960இல் ரொபட் கிரேன் என்ற உடற்றொழிலியல் அறிஞர், குடல் குளுக்கோஸை உள்ளே இழுக்கும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் கூடவே இழுக்கிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். சோடியம் போகும் இடத்துக்கு நீரும் போகும். கொலரா நஞ்சினால் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும் வேளையிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை என்பதை டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகள் உறுதி செய்தன. வெறும் உப்பு நீர் வேலை செய்யாததற்கும், இனிப்புச் சேர்ந்த உப்பு நீர் வேலை செய்வதற்கும் காரணம் இதுதான்.

1968இல் டேவிட் நலின், ரிச்சட் கேஷ் என்ற இரு அமெரிக்க இளம் வைத்தியர்கள், ரஃபீகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா முதலிய வங்க வைத்தியர்களுடன் சேர்ந்து டாக்காவில் செய்த பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. முதலில் அதிர்ச்சி நிலையிலிருந்து மீட்கச் சேலைன் ஏற்றிவிட்டு, பின்னர் வாய்வழியாகவே நீரேற்றிப் பார்த்தனர். நாளவழிச் சேலைனின் தேவை ஏறத்தாழ 80 வீதம் குறைந்தது.

ஆய்வுகூடத்தில் தேறிய முறை அகதி முகாமில் தேறியது 1971இல். விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடிய மக்கள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். பொங்காவ் முகாமில் கொலரா பரவியபோது சேலைன் கையிருப்பு தீர்ந்துபோனது. டொக்டர் திலீப் மஹாலனபிஸ், குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு ஆகியவற்றைப் பொதிகளாகக் கட்டுவித்து, பீப்பாய் நீரில் கரைத்து, நோயாளரின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துக் குடிப்பாட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது. தாதிகள் இல்லாத இடத்தில் உம்மாவும் ராத்தாவும் தாதிகளானார்கள்.

பொதி வராத வீட்டுக்கு

1978இல் லான்செட் இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கக்கூடும் என்ற கருத்தில் ஆசிரியத் தலையங்கம் தீட்டியது. ஆனால் அந்தப் புகழ் கிராமத்து வீட்டுக்குள் நுழையவில்லை. கோடிக்கணக்கான மக்கள் வாழ்ந்த ஒரு வறிய நாட்டில், மாரியில் தோணி விட்டால்தான் போகமுடியும் என்ற ஊர்களுக்கு, மருந்துப் பொதியை யார் கொண்டுபோவது?

இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தது பிராக் நிறுவனம். அதை நிறுவிய ஃபஸ்லே ஹஸன் ஆபித், எண்ணெய்க் கம்பனி ஒன்றில் உயர்பதவியில் இருந்தவர். போர் முடிந்து அகதிகள் திரும்பியபோது, இலண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற பணத்தோடு, சில்ஹட் பகுதியின் சுல்லாவில் 1972இல் நிவாரண வேலையைத் தொடங்கினார். 1979இல் அதே சுல்லாவில் புதிய முறை பரீட்சிக்கப்பட்டது. பொதி இல்லை. அரைச் சேர் நீர், மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம். வங்காளத்தில் இதற்கு 'லொபொன்-குர்' என்று பெயர். லொபொன் என்றால் உப்பு. குர் என்றால் நம்மூரில் சர்க்கரை என்று சொல்கிறோமே, அந்த வெல்லம்.

வைத்தியர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. எல்லோருடைய விரலும் கையும் ஒரே அளவா? ஆகவே தாய்மார் கலக்கிய கரைசலின் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். வீட்டிலுள்ள பாத்திரத்தில் அரைச் சேர் அளவுக்கு அடையாளம் இட்டுக் கொடுத்தார்கள். ஒழுங்காகக் காட்டிக்கொடுத்தால் பெரும்பாலான தாய்மார் பாதுகாப்பான அளவிலேயே கலக்குகிறார்கள் என்று கண்டபின், 1980இல் வேலை நாடெங்கும் விரிந்தது.

ஊர் ஊராக முகாமிட்டுத் தங்கிய பெண் பணியாளர்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்து வீடுகளுக்குப் போனார்கள். கூட்டம் கூட்டிப் பேசுவதல்ல முறை. ஒரு தாய், ஒரு பணியாளர், நேருக்கு நேர். மனத்தில் வைக்கவேண்டிய ஏழு விடயங்களைச் சொல்லி, தாயின் கையாலேயே கலக்கச் செய்தார்கள். சம்பள ஏற்பாடு இன்னும் விசேஷமானது. ஒரு மாதம் சென்று வேறொருவர் வந்து, பத்தில் ஒரு வீட்டைத் தெரிந்தெடுத்து, அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகமிருக்கிறது, சரியாகக் கலக்குகிறாரா என்று பார்ப்பார். தாய் பெற்ற தரத்தைப் பொறுத்தே பணியாளருக்குக் கூலி. தாய்க்கு ஒன்றும் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுத்தவருக்கும் ஒன்றுமில்லை.

தெரிந்தும் செய்யாதது ஏன்?

தாய்மார் நன்றாகவே கற்றார்கள். ஏழு விடயங்களையும் ஒப்புவித்தார்கள். ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகச் சொற்பம். பிராக் தாய்மாரைக் குறை சொல்லிவிட்டுப் போகாமல், ஏன் என்று விசாரித்தது. எனக்கு இந்த வரலாற்றில் அதிகம் பிடித்த பகுதி இதுதான்.

முதற் காரணம் பணியாளர்களிடமே இருந்தது. தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்களிலும் பலர் குளிசைதான் போட்டார்கள். உப்பு நீரில் அவர்களுக்கே நம்பிக்கையில்லை. அவர்களை டாக்கா ஆய்வு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, சாகக் கிடந்தவர்கள் வாய்வழி நீரில் எழும்பி உட்காருவதைக் கண்ணால் காணச் செய்தார்கள். அதன்பின் வீடுகளில், தாய் கலக்கிய கரைசலைப் பணியாளரே முதலில் குடித்துக் காட்டினார்.

இரண்டாவது காரணம் ஆண்கள். வெளியூர்ப் பெண் வந்து தன் வீட்டுப் பெண்ணிடம் தனியாக என்ன பேசிவிட்டுப் போனாள் என்று கணவனுக்குத் தெரியாது. மருந்துக்குக் காசு கொடுப்பதும் வைத்தியரிடம் அழைத்துப் போவதும் அவன்தான். ஆகவே சந்தையிலும் பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைச் சந்தித்து விளக்கினார்கள். வானொலியும் துணைக்கு வந்தது.

மூன்றாவது காரணம் சொல்லில் இருந்தது. ஆய்வாளர் முஷ்தாக் சௌத்ரியும் பிறரும் தாய்மாரின் பேச்சைக் கவனமாகக் கேட்டபோது, அவர்களுக்கு வயிற்றோட்டம் என்பது ஒரே நோயல்ல, நான்கு நோய் என்று தெரியவந்தது. தாய்ப்பாலால் வருவது, அஜீர்ணத்தால் வருவது, சளியோடு போவது, வாந்திபேதியாய் நீராகக் கொட்டுவது. 'டயரியா' என்ற சொல்லை அவர்கள் கடைசி வகைக்கு மாத்திரமே வைத்திருந்தார்கள். டயரியாவுக்குக் கொடு என்றால் மற்ற மூன்றுக்கும் அவர்கள் கொடுக்கமாட்டார்கள்தானே. நம் வீடுகளிலும் சீதபேதி, பல்முளைக்கும் போக்கு, செமியாக்குணம் என்று பிரித்துப் பேசுகிறோம். கேட்டவர் அறியாமையில் இருக்கவில்லை. சொன்னவர் கேட்பவரின் பாஷையை அறியாமல் இருந்தார்.

1990இல் அந்தத் திட்டம் முடிந்தபோது ஒரு கோடி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பெண்கள் போயிருந்தார்கள். பின்னர் பொதிகள் மலிவாகக் கடைகளுக்கு வந்தன. இன்று வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு வாய்வழி நீரேற்றம் கொடுப்பதில் உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளுள் ஒன்று பங்களாதேஷ். 1990இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 145 பேர் ஐந்து வயதுக்குமுன் இறந்தனர். 2019இல் அது ஏறக்குறைய 31 ஆயிற்று. இந்த இறக்கம் முழுவதையும் உப்புக்கும் வெல்லத்துக்கும் எழுதிவிடுவது பிழை. தடுப்பூசி, விற்றமின் ஏ, பெண் கல்வி, குடும்பத் திட்டம் எல்லாம் சேர்ந்தே இது நடந்தது. ஆனால் வீட்டு வாசலில் பெண்ணோடு பெண் இருந்து பேசும் வழி, பின்னால் வந்த பல வேலைகளுக்கும் பாதையாயிற்று.

போசாக்கு விடயமும் இதில் உண்டு. வயிற்றோட்டத்தில் பட்டினி போட்ட பிள்ளை மெலியும். மெலிந்த பிள்ளைக்கு அடுத்த வயிற்றோட்டம் சீக்கிரம் வரும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதே என்பதும் இந்தப் போதனையின் பகுதி. அரிசி மாக் கஞ்சியில் செய்த கரைசல் கொலராவில் நன்றாக வேலை செய்வதை டாக்கா ஆய்வுகள் பின்னர் காட்டின. கஞ்சியின் அருமை நோன்பு பிடிக்கும் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உம்மாவுக்கு ஒரு பதில்

நம் நாட்டில் 'ஜீவனி' என்ற பெயரில் இதே மருந்து வந்தது. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து அந்தப் பொதியை முதன்முதல் கரைத்துக் காட்டியபோது, எங்கள் உம்மா அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தது எனக்கு ஞாபகம். என் பிள்ளைகள் எல்லோரும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

1964ஐப் பற்றி இப்போது எனக்கு ஒன்று தெரியும். வயிற்றோட்டம் வந்தால் குடலுக்கு ஓய்வு கொடு, வாயால் ஒன்றும் கொடுக்காதே என்பது அன்று மூத்தும்மாவின் சொல் மட்டுமல்ல. படித்த வைத்தியர் பலரின் சொல்லும் அதுதான். டாக்காப் பரிசோதனைக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் போதும் என்று உலகத்தில் எவரும் ஒரு தாயிடம் வந்து சொல்லியிருக்கவில்லை. உம்மா உயிரோடு இருந்தபோது இதை அவரிடம் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

லான்செட்டில் எழுதியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன, இருக்கவேண்டியவையே. வீடு வீடாகப் போன அந்தப் பெண்களின் பெயர்களை நான் எங்கும் வாசிக்கவில்லை. நம் ஊர்களிலும் ஜீவனிப் பொதியோடும் திரிபோஷாப் பையோடும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த பெண்கள் இருக்கிறார்கள். சிலர் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய், எந்த வீட்டில் கதவு திறந்தது, எந்த வீட்டில் திறக்கவில்லை, ஏன் என்று கேட்டு எழுதிவைக்க இப்போதே யாராவது தொடங்கவேண்டும்.