கற்பிப்போரின் கல்வி: பேராதனையில் விவசாய விரிவாக்கப் பயிற்சியின் வரலாறு

உழவர்க்குப் புதியதொன்றை எடுத்துரைக்கச் செல்பவர் அதனை முதலில் தாம் கற்றிருத்தல் வேண்டும். கற்றதைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ளலும் வேண்டும். எளிதெனத் தோன்றும் இவ்வுண்மையை நடைமுறைப்படுத்துவது எத்துணை அரிது என்பதைக் கண்டியை அடுத்துள்ள பேராதனையின் வரலாறு புலப்படுத்துகின்றது.

1821இல் பேராதனையில் அமைக்கப்பெற்ற தாவரவியற் பூங்கா, பெரும்பாலும் பெருந்தோட்டப் பயிர்களின் வளர்ச்சிக்கே துணைநின்றது. வயலை நம்பி வாழ்ந்த குடியானவர் மீது ஆட்சியாளரின் கவனம் திரும்பியமை பிற்காலத்து நிகழ்ச்சியாகும். 1904இல் இலங்கை விவசாயச் சங்கம் தோன்றியது. 1912இல் விவசாயத் திணைக்களம் உருவாயிற்று. 1916இல் பேராதனையில் விவசாயப் பாடசாலை ஆரம்பமாயிற்று. இத்தகைய பாடசாலைகளிற் பயின்று வெளியேறியோரே விவசாயப் போதனாசிரியர்களாய்க் கிராமங்களுக்குச் சென்றனர். இளமையிற் பெற்ற ஒரு பயிற்சியே உத்தியோக காலம் முழுவதற்கும் போதுமென்பது அக்கால எண்ணமாயிருந்தது எனலாம்.

இவ்வெண்ணத்தை மாற்றியது நெல்லே. 1958இல் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச்-4 என்னும் கலப்பின நெல்லை வெளியிட்டது. 1970களின் தொடக்கத்தில் பி.ஜி. 11-11 முதலிய குட்டையின நெல்வகைகள் பரவின. இவற்றுக்கு இடவேண்டிய பசளையின் அளவும் காலமும் பழைய நெல்வகைகளுக்குரியனவல்ல. ஆதலால், பாடசாலையிற் கற்ற பாடம் சில ஆண்டுகளிலேயே பழமையடைந்தது. சேவையிலிருப்போரை மீண்டும் மாணவராக்கும் தேவை எழுந்தது. கன்னொறுவையிலுள்ள சேவைக்காலப் பயிற்சி நிறுவனம் இத்தேவையை நிறைவுசெய்யும் களமாகும். 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பெற்ற பட்டப்பின்படிப்பு விவசாய நிறுவனம் உயர்கல்வி வாயிலையும் திறந்தது. எனினும், அவ்வாயில் பட்டதாரிகளுக்கே உரியது; கிராம மட்ட ஊழியர் அதனுள் நுழைதல் இயலாது.

அவ்வூழியரின் கல்வியை ஓர் ஒழுங்கிற்குட்படுத்தியது, 1979 தொடக்கம் உலக வங்கியின் உதவியோடு நடைமுறைக்கு வந்த 'பயிற்சியும் தரிசிப்பும்' என்னும் முறையாகும். குறித்த கால இடைவெளியிற் பாடவிதான வல்லுநர் பயிற்சியளிப்பர். ஊழியர் அதனைக் குறித்த நாளிற் குறித்த உழவரிடம் சேர்ப்பர். வயலிற் கண்ட சிக்கல்களை அடுத்த பயிற்சிக்குக் கொண்டுவருவர். இம்முறை குறைபாடற்றதன்று. நெல்லுக்கேற்ற ஒரே அறிவுரை, மிளகும் கராம்பும் பலாவும் கலந்து வளரும் கண்டி வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்துவதில்லை. அத்தோட்டத்து மிளகு ஒரு திணைக்களத்துக்கும், அருகிலுள்ள தேயிலை வேறோர் அதிகார சபைக்கும் உரியனவாயின. ஆயினும், கற்பதும் கற்பிப்பதும் இடையறாது சுழலும் ஒழுங்கு அங்கே இருந்தது.

அவ்வொழுங்கு நீடிக்கவில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் விவசாய விரிவாக்கத்தைப் பெரும்பாலும் மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. 1989இல் ஏறத்தாழ 2,400 கிராம மட்ட விரிவாக்க ஊழியர் கிராம சேவையாளர் பதவிகளுக்கு உள்வாங்கப்பட்டனர். பத்தாண்டுகளாகத் திரட்டிய வயலறிவு, வாக்காளர் இடாப்பும் நற்சான்றுப் பத்திரமும் எழுதும் பணியுள் அடங்கிப்போயிற்று. பயிற்றுவிக்கும் நிறுவனங்கள் பேராதனையிலும் கன்னொறுவையிலும் எஞ்சின. பயின்றதைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் கால்கள் குறைந்தன.

இவ்விழப்பின் பொருள் 2021இல் மேலும் தெளிவாயிற்று. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட சில மாதங்களுள் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறவேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. உழவரின் ஐயங்களுக்கு முகங்கொடுத்தவர்கள் போதனாசிரியர்களே. பல்லாண்டு ஆய்வும் பயிற்சியும் வேண்டிய மாற்றத்தைக் கற்பிக்குமாறு பணிக்கப்பட்ட அவர்களுக்கு, அதனைக் கற்பதற்கான அவகாசம் அளிக்கப்படவில்லை. பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தபோது வயலில் நின்று பதிலிறுக்க வேண்டியவர்களும் அவர்களாகவே இருந்தனர்.

இவ்வரலாறு ஒன்றை உறுதிப்படுத்துகின்றது. கட்டடங்களும் பாடநெறிகளும் மட்டும் பயிற்சியாகிவிடா. கற்றவர் தம் துறையில் நிலைத்திருத்தலும், வயலிற் கண்டதைத் தம்மைப் பயிற்றுவித்தோரிடம் மீள உரைக்கும் உரிமையைப் பெறுதலும், கொள்கை மாறுமுன் கற்க அவகாசம் பெறுதலும் இன்றியமையாதன. இவை வாய்க்காதவிடத்துக் கற்பிப்போரின் அறியாமைக்குரிய விலையைக் கொடுப்பவர் உழவரே.