கணக்கில் வராத கோப்புகள்

டிஸ்க் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததும், தரவுத்தள நிர்வாகி முதலில் டேபிள்களின் அளவைக் கூட்டிப் பார்ப்பார். கூட்டினால் 400 ஜிபி வருகிறது. டிஸ்க்கோ 600 ஜிபி என்கிறது. நடுவில் உள்ள 200 ஜிபி பல நேரங்களில் அநாதைக் கோப்புகளின் கையில் இருக்கும். தரவுத்தளத்தின் பதிவேட்டில் அவற்றுக்கு இடமில்லை. டிஸ்க்கில் மட்டும் இருக்கின்றன.

யூனிக்ஸ் உலகம் இத்தகைய கோப்புகளை 1970-களிலேயே சந்தித்தது. இயந்திரம் திடீரென்று நின்றால், எந்த அடைவிலும் பெயர் இல்லாத கோப்புகள் மிஞ்சும். பெல் ஆய்வகத்தில் டெட் கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்சிகே நிரல் அவற்றைத் தேடிப்பிடித்து, ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்ற தனி அடைவில், எண்ணையே பெயராக இட்டுச் சேர்த்தது. வைப்பதா அழிப்பதா என்பதை மனிதர் பார்த்து முடிவு செய்யலாம்.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் அநாதைகள் உருவாக விபத்தே தேவைப்படவில்லை. டேபிள்களைத் தாங்கும் ஒரு டேபிள்ஸ்பேஸை நீக்கினால் அது பதிவேட்டிலிருந்து போய்விடும்; கோப்பு அப்படியே கிடக்கும். நிர்வாகிதான் இயங்குதளத்துக்குப் போய்த் தன் கையால் அழிக்க வேண்டும். மறந்துவிட்டால் இடம் வீண். பெயர் மாறி வேறொன்றை அழித்துவிட்டால் பயன்பாட்டில் இருக்கும் தரவே போச்சு. 2001-இல் வந்த 9ஐ பதிப்புதான், கோப்புகளையும் சேர்த்து நீக்கும் வசதியை அதே கட்டளைக்குள் கொண்டுவந்தது.

அதே 2001-இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் கண்டது. அதுவரை டேபிளின் பெயர்தான் கோப்பின் பெயர். அடைவைத் திறந்தால் எது எதனுடையது என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் டேபிளை நீக்கும் கட்டளையைப் பாதியில் ரத்து செய்ய வழியில்லை; 7.0 பதிப்பு அதை எச்சரிக்கையாகவே சொல்லும். 7.1 பதிப்பு கோப்புகளுக்கு எண்களைப் பெயராக்கியது. ரத்து செய்வது சாத்தியமாயிற்று. அதற்கு ஈடாக, கோப்பு யாருடையது என்பதைப் பதிவேட்டைக் கேட்டால்தான் தெரியும் என்றாயிற்று.

2010-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.0 பதிப்பில் ‘வேக்கம் ஃபுல்’ கட்டளையின் வேலைமுறை மாறியது. இடத்தை மீட்க ஓட்டும் இந்தக் கட்டளை, அதன்பின் டேபிள் முழுவதையும் புதிய கோப்பில் எழுதி, முடிந்ததும் பழையதை அழிக்கத் தொடங்கியது. எழுதும்போதே டிஸ்க் நிரம்பி சர்வர் விழுந்தால்? அடைவில் 24576, 24576.1, 24576.2 என்று ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் வரிசையாக நிற்கும். பரிவர்த்தனை முடியாததால் அவற்றுக்கு உரிமையாளர் இல்லை; மீண்டும் எழும் சர்வரும் அவற்றைத் தொடுவதில்லை. இடம் மீட்கப் போன வேலையே இடத்தைத் தின்றுவிடும்.

கண்டுபிடிக்கும் வழி இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவதுதான்: டிஸ்க்கில் உள்ள எண்கள் ஒருபுறம், ‘பிஜி_கிளாஸ்’ பதிவேட்டின் எண்கள் மறுபுறம். அவசரப்பட்டால் ஆபத்து. ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனிப் பதிவேடு உண்டு. ஒன்றின் கோப்பை இன்னொன்றின் பதிவேட்டில் தேடினால் எல்லாமே அநாதையாகத் தெரியும். அடிப்படைப் பதிவேடுகள் சிலவற்றுக்கு, கோப்பின் எண் இருக்க வேண்டிய பத்தியில் பூஜ்யமே இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி, இன்னும் முடியாத பரிவர்த்தனை. அது உருவாக்கிய கோப்பு உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதன் பதிவு பிறர் கண்ணுக்குத் தெரியாது. ‘பிஜி_ஆர்ஃபன்ட்’ என்ற நீட்சி இதைக் கணக்கில் எடுத்து, முடியாத பதிவுகளையும் சேர்த்தே பார்க்கிறது. கண்டுபிடித்தவற்றை உடனே அழிக்காமல் தனி அடைவுக்கு நகர்த்துகிறது. தவறு என்று தெரிந்தால் திருப்பி வைக்கவும் முடியும்.

மைஎஸ்க்யூஎல் 2018-இல் 8.0 பதிப்பில் வேறு பாதையை எடுத்தது. டேபிளை மாற்றும் ஒவ்வொரு வேலையையும் தனிக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, விழுந்து எழும்போது அதைப் படித்து மிச்சத்தைத் தானே துடைக்கிறது. போஸ்ட்கிரெஸ் தயங்கித்தான் நகர்ந்தது. சர்வரின் ஒரு செயல்முறை விழுந்தால் அதன் தற்காலிகக் கோப்புகளை, பிழை தேடுவோருக்கு உதவட்டும் என்று பல ஆண்டுகள் விட்டுவைத்தது. அடுத்தடுத்து விழுந்தால் அவையே டிஸ்க்கை நிரப்பும் என்பதால், 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு அவற்றைத் தானே நீக்கத் தொடங்கியது. அந்த மாற்றம் தற்காலிகக் கோப்புகளோடு நின்றது; வேக்கம் ஃபுல் பாதியில் விட்டுச்சென்ற டேபிள் கோப்புகளைத் தேடும் வேலை நிர்வாகியிடமே இருந்தது.