நசிவுப் புறச்செவி அழற்சி

காதுக்குழலின் தோலில் தொடங்கிய தொற்று, தக்க சிகிச்சை இல்லாமல் மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு வரை பரவும் நோய். பெரும்பாலும் நீரிழிவு உள்ள முதியவர்களைத் தாக்குகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவே முதன்மைக் காரணம். நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையாலும் வரலாம். 1959இல் மெல்ட்சரும் கெலமனும் இதைப் பதிவு செய்தனர். 1968இல் சாண்ட்லர் 13 நோயாளிகளை ஆராய்ந்து தனி நோயாக விவரித்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோனார்கள்.

பெரியவர்களின் காதுக்குழல் சுமார் 2.5 செ.மீ. நீளமுடையது. அதன் வெளிப்பகுதி குருத்தெலும்பு, உட்பகுதி எலும்பு. குருத்தெலும்பில் சாந்தோரினி பிளவுகள் என்ற இயற்கையான இடுக்குகள் உண்டு. கிருமி அவற்றின் வழியே நழுவிப் பொட்டெலும்பை அடைகிறது. நீரிழிவால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்திருப்பதும், குறும்பியின் அமிலத்தன்மை குறைந்திருப்பதும் அதற்கு வழிவிடுகின்றன. குறும்பியை எடுக்கக் காதுக்குள் தண்ணீர் பீய்ச்சிய பிறகு சிலருக்கு இந்நோய் தொடங்கியிருக்கிறது.

வலிதான் முக்கிய அறிகுறி. வெளியே தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத அளவுக்குக் கடுமையாக இருக்கும், இரவில் தூங்கவிடாது, மெல்லும்போது தாடை மூட்டிலும் தெறிக்கும். சீழ் வடியும். குழலின் அடிப்பரப்பில் சிவந்த சதைத்துளிர் காணப்படும். காய்ச்சல் பெரும்பாலும் இராது என்பதால் சாதாரணக் காதுவலி என்று எண்ணிச் சொட்டு மருந்திலேயே வாரங்களைக் கழித்துவிடுகிறார்கள். நீரிழிவு உள்ள ஒருவரின் காதுவலி சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

தொற்று எலும்பில் முன்னேறும்போது முதலில் சிக்குவது பெரும்பாலும் முகநரம்பு: முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து, கண்ணை மூட முடியாமல், வாய் கோணுகிறது. மேலும் பரவினால் விழுங்குதல், குரல், நாக்கின் அசைவு ஆகியவற்றுக்கான நரம்புகள் பாதிக்கப்படும். மூளைச் சிரைகளில் இரத்தம் உறைவதும் மூளையுறை அழற்சியும் உயிருக்கே உலை வைப்பவை.

சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் நோயின் பரவலைக் காட்டும். காதுக்குழல் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால் சதைத்துளிரைத் திசுச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். சிப்ரோஃப்ளாக்சாசின் போன்ற மருந்துகளைக் குறைந்தது ஆறு வாரங்கள் தர வேண்டும். இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல் மருந்து மட்டும் போதாது. வலி நின்றுவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்துவது ஆபத்து. முழுச் சிகிச்சைக்குப் பின்னும் சில மாதங்கள் கழித்து நோய் திரும்பக்கூடும். அதனால் ஓராண்டு வரை தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள்.