அரிசோனாவின் காட்டுத்தீ வரலாறு

அரிசோனா என்றதும் கள்ளிச்செடிகள் நிறைந்த பாலைவனமே நினைவுக்கு வரும். ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள இந்த வறண்ட மாநிலத்தின் உயர்நிலங்களில் பாண்டெரோசா பைன் காடுகள் பரந்துள்ளன. பெருந்தீக்கள் பலவும் எரிந்தது அங்கேதான்.

இக்காடுகளுக்குத் தீ புதிதன்று. மரங்களின் ஆண்டு வளையங்களிலுள்ள தீத்தழும்புகளை ஆராய்ந்தவர்கள், முற்காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு படரும் சிறுதீ புல்லையும் கன்றுகளையும் எரித்துவிட்டு, பெரிய மரங்களை விட்டுச்சென்றதைக் கண்டறிந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆடுமாடுகள் புல்லைத் தின்று தீர்த்ததால் அத்தீ நின்றது. பின்னர் வனத்துறை எல்லாத் தீயையும் அணைக்க முனைந்தது. தென்பட்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என 1935இல் விதியே வகுத்தது. காடு அடர்ந்தது, எரிபொருள் குவிந்தது.

அதன் விளைவு 2002 ஜூனில் தெரிந்தது. வேலை கிடைக்கும் என்று எண்ணி, தற்காலிகத் தீயணைப்பு வீரர் ஒருவரே வைத்தது ரோடியோ தீ. காட்டில் வழிதவறிய பெண் ஒருவர் ஹெலிகாப்டருக்கு அடையாளம் காட்ட மூட்டியது செடிஸ்கி தீ. இரண்டும் இணைந்து சுமார் 4,68,000 ஏக்கரை எரித்தன. அதில் பாதிக்கு மேல் வெள்ளைமலை அப்பாச்சி பழங்குடியினரின் நிலம். அவர்கள் முன்பே திட்டமிட்டுத் தீயிட்டுச் சீர்செய்திருந்த பகுதிகளில் சேதம் குறைவாக இருந்தது கவனிக்கத்தக்கது. 2011இல் அணைக்காமல் விட்ட ஒரு முகாம் நெருப்பிலிருந்து எழுந்த வாலோ தீ 5,38,000 ஏக்கரைத் தாண்டியது. மாநில வரலாற்றில் மிகப் பெரியது இதுவே.

பரப்பை மட்டும் வைத்துத் தீயின் கொடுமையை அளக்க முடியாது. 1990இன் டியூட் தீ 6 தீயணைப்பாளர்களைப் பலிகொண்டது. 2013இல் மின்னலால் மூண்ட யார்னெல் மலைத் தீ எரித்தது சுமார் 8,400 ஏக்கர்தான். ஆனால் ஜூன் 30 மாலை, இடிமழை மேகத்திலிருந்து வீசிய காற்று தீயின் திசையை மாற்றியது. ஏற்கெனவே எரிந்து பாதுகாப்பாக இருந்த இடத்தை விட்டுப் புதர் மண்டிய பள்ளத்தாக்கில் இறங்கியிருந்த கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் குழுவினர் 19 பேர் இறந்தனர். அவர்கள் விரித்துப் படுத்த தீக்காப்புக் கூடாரங்கள் அந்த வெப்பத்தைத் தாங்கவில்லை. வேறிடத்தில் கண்காணிப்புப் பணியில் இருந்த ஒருவர் மட்டும் பிழைத்தார்.

எரியவிடுவதும் எளிதன்று. 2025 ஜூலை 4 அன்று மின்னலால் தொடங்கிய டிராகன் பிராவோ தீயை முழுமையாக அணைக்காமல், எல்லைக்குள் அடக்கி எரியவிடவே முதலில் முடிவானது. சில நாட்களில் பலத்த காற்றில் அது எல்லை மீறி, கிராண்ட் கேன்யனின் வடவிளிம்பிலிருந்த பழைய விடுதியை அழித்தது. 1932லும் தீக்கிரையாகி, 1937இல் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. அம்முடிவு குறித்து விசாரணை வேண்டும் என மாநில ஆளுநர் கோரினார்.