பரணிலிருந்து இறங்கிய டப்பாக்கள்

காரைக்காலில் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து பதினொரு தகர டப்பாக்கள் இறங்கின. திறந்ததும் காடி வாடை. "பழசு, நல்ல விலைக்குப் போகும்டா" என்றார் மாமா.

ஃபிலிமின் துளைகள் ஓரத்தில் இல்லை. இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே, நடுவில் ஒன்று. அப்படியென்றால் 9.5 மி.மீ. 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் வீடுகளுக்காகவே கொண்டுவந்தது. கோடாக்கின் 8 மி.மீ. வர இன்னும் பத்து வருஷம் ஆனது. பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில், சைகோனில் வேலை பார்த்தவர் வீட்டில் இது கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

அந்த வாடைதான் சிக்கல். அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அதே அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். கடலோரச் சூடும் ஈரமும் அதற்குத் தீனி. சுருங்கிய ஃபிலிமை ஆசைக்குக்கூட புரொஜெக்டரில் ஓட்டக் கூடாது, கிழிந்துவிடும்.

விலை? உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் விலை. ஜாப்ரூடர் எடுத்த 26 விநாடி 8 மி.மீ. துண்டில் கென்னடியின் கொலை இருந்தது. அதற்கு 1999இல் 1.6 கோடி டாலர் இழப்பீடு தீர்மானமானது. எங்கள் டப்பாக்களில் காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1 இருந்திருந்தால் யாராவது தேடி வந்திருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவரை ஒரு கல்யாணப் பந்தல், ஒரு மாடு, கேமராவைக் கண்டு முந்தானையால் முகம் மூடுகிற பொண்ணு. அம்மாச்சி. எங்களிடம் இருப்பது மாலை போட்ட அந்த ஒரு போட்டோதான்.

ஸ்கேன் பண்ணாமல் விற்க வேண்டாம் என்றேன். மாமா பதில் சொல்லவில்லை. டப்பாவை இறுக்கி மூடப் போனார். "இறுக்காதீங்க மாமா, காத்து போகணும்."