அரசிதழில் ஒரு வரி: நிறுமங்களின் செய்தி யாரைக் கட்டும்?

1665ஆம் ஆண்டு நவம்பர். பிளேக் நோய்க்கு அஞ்சி இரண்டாம் சார்லஸின் அரசவை லண்டனை விட்டு ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தது. அங்கே 'ஆக்ஸ்போர்டு கெஸட்' என்ற பெயரில் தொடங்கிய அரசிதழ், அடுத்த பிப்ரவரியில் 'லண்டன் கெஸட்' ஆனது. அதில் நிறுமங்களைப் பற்றி அச்சேறும் ஒரு வரி யாரைக் கட்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1844இன் கூட்டுப் பங்கு நிறுமச் சட்டம் பதிவாளர் அலுவலகத்தை உருவாக்கியது. அரச சாசனமோ நாடாளுமன்றத்தின் தனிச் சட்டமோ இல்லாமல், பதிவு செய்தே ஒரு நிறுமம் பிறக்கலாம். அதன் ஆவணங்களை எவரும் போய்ப் பார்க்கலாம். இந்த நல்ல ஏற்பாட்டை நீதிமன்றங்கள் வெளியாருக்கு எதிராகத் திருப்பிவிட்டன. எர்னஸ்ட் எதிர் நிக்கல்ஸ் வழக்கிலிருந்து (1857) வளர்ந்த கோட்பாட்டின்படி, நிறுமத்தோடு கொடுக்கல் வாங்கல் வைப்பவர் அதன் பதிவான விதிகளை அறிந்தவராகவே கருதப்பட்டார். அவர் உண்மையில் படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. நிறுமத்தின் உள் நடைமுறைகள் ஒழுங்காக நடந்ததாக வெளியார் நம்பலாம் என்று 1856இல் டர்குவாண்ட் வழக்கு வகுத்த விதிதான் ஒரே ஆறுதல். சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சிறு வணிகர் பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க முடியுமா?

மாற்றம் கடல் கடந்து வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் ஆறு நாடுகள் மட்டுமே இருந்த காலத்தில், 1968 மார்ச் 9 அன்று நிறுமச் சட்டம் குறித்த முதல் நெறியாணை பிறந்தது. நிறுமத்தின் முக்கிய ஆவணங்கள் அரசிதழில் முழுமையாகவோ சுருக்கமாகவோ குறிப்பாகவோ வெளியாக வேண்டும். வெளியாகாத செய்தியை, வெளியாருக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டினாலன்றி, நிறுமம் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்றது அது. சுமை தோள் மாறிவிட்டது.

பிரிட்டன் அச்சமூகத்தில் சேர்வதற்காக 1972இல் இயற்றிய சட்டத்தின் 9ஆம் பிரிவு இதை ஏற்றது, கொஞ்சம் கஞ்சத்தனத்தோடு. ஆவணம் வந்து சேர்ந்தது என்ற குறிப்பைப் பதிவாளர் கெஸட்டில் வெளியிட்டால் போதும். உள்ளடக்கம் அறிய வேண்டியவர் பழையபடி பதிவேட்டைத்தான் தேட வேண்டும். வெளியாரைக் காக்கும் விதியும் நான்கு நிகழ்வுகளுக்கு மட்டுமே: கலைப்பு ஆணை அல்லது கலைப்பாளர் நியமனம், அமைப்பு விதிகளில் திருத்தம், இயக்குநர் மாற்றம், ஆவணங்களைச் சார்வு செய்வதைப் பொறுத்தவரை பதிவு அலுவலக முகவரி மாற்றம். அறிவிப்பு வெளியான பின்னும் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள், தவிர்க்க முடியாத காரணத்தால் செய்தி எட்டவில்லை என்று காட்டுபவர் தப்பிக்கலாம்.

அப்படியானால், கெஸட்டில் வந்த செய்தி எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடுமா? பார்வே எஸ்டேட்ஸ் வழக்கு (1985ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பு) இதற்குப் பதில் சொன்னது. குத்தகைக்கு இடம் எடுத்த நிறுமம் கலைப்புக்குப் போயிற்று. செய்தி கெஸட்டில் வந்தது. அதை அறியாத நில உரிமைத் தரப்பு தொடர்ந்து வாடகை வாங்கியது. கெஸட்டில் வந்ததால் தெரிந்தே வாங்கியதாகும், எனவே கலைப்பால் எழுந்த, குத்தகையை முறிக்கும் உரிமையைக் கைவிட்டதாகும் என்பது எதிர்த்தரப்பு வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அச்சிடும் கடமை வெளியாரைக் காக்க வந்தது. அவர்கள் தலையில் அறிவை ஏற்ற வந்ததல்ல. 1857இல் தொடங்கிய அநியாயம் கெஸட்டின் வழியாகத் திரும்பி நுழையாமல் தடுத்த தீர்ப்பு இது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தில் கெஸட் செய்தி சொல்வதோடு நிற்பதில்லை. செயலற்றுப்போன நிறுமத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் 1880இல் பதிவாளருக்குக் கிடைத்தது. இன்றைய 2006 சட்டத்தின் 1000ஆம் பிரிவின்படி, நீக்க அறிவிப்பு கெஸட்டில் வெளியான கணமே நிறுமம் கலைகிறது. அதன் பெயரில் எஞ்சிய சொத்து உரிமையாளரற்றதாகி அரசுடைமை ஆகிறது.

அந்த விதி இந்தியாவுக்கும் வந்தது. 1956 சட்டத்தின் 560ஆம் பிரிவும் 2013 சட்டத்தின் 248ஆம் பிரிவும் அரசிதழ் அறிவிப்போடு நிறுமத்தின் முடிவைப் பிணைத்தன. நீக்கத்தால் பாதிக்கப்பட்டவர் அரசிதழில் வெளியான நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குள் மறுபதிவு கோரலாம். பழைய சட்டம் அந்த உரிமையை நிறுமம், உறுப்பினர், கடன் கொடுத்தவர் ஆகியோருக்குத் தந்தது. 2013இன் 252ஆம் பிரிவு அந்த வரிசையில் தொழிலாளியையும் சேர்த்திருக்கிறது.