பத்துப் பொருத்தம்: குணத்திலிருந்து நட்சத்திரத்துக்கு

உத்திரமேரூர் வட்டாரத்தில் பெண் பார்க்கப் போகுமுன்பே ஜாதகக் குறிப்பு கைமாறிவிடும். மூலைகளில் மஞ்சள் தடவிய அந்தத் தாளில் ஜோசியர் முதலில் தேடுவது ஜென்ம நட்சத்திரத்தை. தினம், கணம், யோனி, ரஜ்ஜு முதலிய பத்துப் பொருத்தமும் அதிலிருந்தே பிறக்கின்றன. இருவர் இயல்பும் ஒத்துப்போகுமா என்பதற்கு வான்கணக்கு விடை சொல்லும் இவ்வழக்கம் படிப்படியாக வந்தது.

பழைய பத்து

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தலைவன் தலைவியரிடையே பத்து ஒப்புமைகளைக் கேட்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமம், நிறை, அருள், உணர்வு, திரு. எதுவும் நட்சத்திரம் சார்ந்ததன்று. அகநானூறு 136ஆம் பாடலில் திங்கள் உரோகிணியைக் கூடிய நாளில் மணம் நடக்கிறது. அங்கே வானம் மணநாளைக் குறிக்கிறது. மணமக்களின் குணத்தை அளக்கவில்லை.

மணத்துக்கு வெளியேயும் இதே நிலைதான். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினருக்கு நிலம், மனை, வயது, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றையே தகுதியாக விதிக்கின்றன. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. தகுதி பெற்றோரின் பெயரோலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனை எடுக்கச் செய்தனர். ஒருவரின் தகுதியைப் பிறந்த வேளையைக் கொண்டு சபை தீர்மானிக்கவில்லை.

காஞ்சிக் கணிதம்

ஜென்ம நட்சத்திரம் தெரியப் பிறந்த வேளையில் சந்திரன் நின்ற இடம் தெரிய வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஞ்சியில் எழுந்ததாக ஆய்வாளர் கருதும் ‘வாக்கியகரணம்’ இக்கணக்கை எளிதாக்கிய நூல்களுள் ஒன்று. சந்திரனின் வேகம் ஏறி இறங்கும் சுழற்சி ஒன்பது முறை முடிய ஏறக்குறைய 248 நாள் ஆகும். சந்திரனின் இடத்தைக் காட்டும் எண்களை நாளுக்கொன்றாக 248 வாக்கியங்களில் எழுத்தாக்கி வைத்தனர். மனப்பாடம் செய்தவருக்கு ஏடு தேவையில்லை. தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி நகர்த்தியே கிரகணம் கணித்ததை வானியல் அறிஞர் ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ நூலில் பதிவுசெய்தார்.

விலங்குகளின் பகை

யோனிப் பொருத்தம் நட்சத்திரங்களைப் பதினான்கு விலங்குகளுக்குப் பங்கிடுகிறது. சீனர்கள் ஆண்டுகளைப் பன்னிரண்டு விலங்குகளுக்குப் பங்கிடுகின்றனர். எலி, புலி, பாம்பு, குதிரை, குரங்கு, நாய் இரண்டிலும் உண்டு. ஆனால் பகையின் அடிப்படை வேறு. இங்கே எலிக்குப் பூனையும் பாம்புக்குக் கீரியும் பகை. கண்ணால் கண்ட பகை. சீனத்தில் எலிக்குப் பகை குதிரை. வட்டத்தில் நேரெதிர் இடத்தில் நிற்பதே காரணம். அங்கும் கணிப்பு நுட்பமாகியே வந்தது: தாங் காலத்து லீ சூசோங் பிறந்த ஆண்டை மையமாக்கினார், சோங் காலத்துச் சூ ட்சுபிங்கின் பெயரால் வழங்கும் மரபு பிறந்த நாளை மையமாக்கியது.

இன்றைய நிலை

நுட்பம் கூடியதும் சிக்கலும் கூடியது. பழைய வாக்கியங்களைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருத்திய கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் வேறுபடுவதால், எல்லையில் பிறந்த குழந்தைக்கு இரண்டு நட்சத்திரம் கிடைக்கலாம். ஒன்றில் தட்டும் ரஜ்ஜு மற்றொன்றில் பொருந்திவிடும். பிடித்த சம்பந்தமானால் குடும்பங்கள் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்த இடைவெளி கிடைக்காதபோது கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கின்றன. ஜாதகம் சேர்ந்த பிறகும் பையன் குடிக்கிறானா, குடும்பம் எப்படி என்று ஊரில் விசாரிக்காமல் யாரும் தட்டு மாற்றுவதில்லை. எனவே புதிய பத்து பழைய பத்தை அகற்றிவிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு சல்லடையாக வந்து நின்றிருக்கிறது.